பழைய செயின் ரம்பம்: திருகைத் தொடுமுன் பிஸ்டனைப் பாருங்கள்

தென்னந்தோப்பில் பட்டுப்போன மரத்தை எடுக்க வேண்டும். வரப்போரத்துச் சீமைக் கருவேலத்தைக் கழிக்க வேண்டும். சவுக்கு வெட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. இந்த நிலையில் பல சிறு விவசாயிகள் பழைய செயின் ரம்பம் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வருஷத்தில் பத்து, பதினைந்து நாள் வேலைக்குப் புதிய மெஷின் கட்டுபடியாகாது என்பது சரியான கணக்கே. பழைய மெஷின்கள் உறுதியானவை. ஒரு திருப்புளி, ஒரு பிளக் ஸ்பானர், சிறிது பொறுமை இருந்தால் பெரும்பாலான பழுதுகளை வீட்டுத் திண்ணையிலேயே சரிசெய்துவிடலாம்.

ஆனால் பழைய மெஷின் வாங்கியவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெஷின் சரியாக ஓடவில்லை என்றால் உடனே கார்புரேட்டர் திருகைத் திருப்புகிறார்கள். திருப்பத் திருப்ப எஞ்சின் சத்தம் கூர்மையாகிறது, வேகம் கூடுகிறது. "இப்போதுதான் மெஷினுக்கு உயிர் வந்தது" என்று மகிழ்ந்து மரத்தில் வைக்கிறார்கள். சில நிமிஷங்களில் எஞ்சின் நின்றுவிடுகிறது. பிறகு கயிறு இழுக்க வருவதில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது.

இதற்குக் காரணம் எளிது. செயின் ரம்பம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். 1980-ல் வந்து கிராமமெங்கும் ஓடிய டிவிஎஸ் 50 மொபெட்டைப் போல இதற்கும் பெட்ரோலோடு கலந்த ஆயிலே உயிர். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் கூடவே குறைகிறது. சூட்டை எடுத்துச் செல்லும் பெட்ரோலும் குறைகிறது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் உரசுகிறது. பிடித்துக்கொள்வதற்குச் சற்று முன்புதான் எஞ்சின் மிக வேகமாக ஓடும். அந்த வேகத்தைப் பலம் என்று எடுத்துக்கொண்டால் நஷ்டம்தான்.

ஆயில் கலக்கும் அளவு

செயின் ரம்பத்துக்கென்று கம்பெனி தரும் நல்ல டூ டி ஆயிலானால் லிட்டருக்கு 20 மி.லி. போதும் என்கிறார்கள். சாதாரண டூ டி ஆயிலானால் 40 மி.லி. விடுவது நல்லது. மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் ஊற்றும் எஞ்சின் ஆயிலைக் கலக்கக் கூடாது. கண் அளவில் ஊற்றுவதும் வேண்டாம். மருந்து பாட்டில் மூடியில் அளவுக் கோடு இருக்கிறது, அது போதும்.

இன்னொரு புதிய சங்கதியையும் பழைய மெஷின்காரர்கள் மனதில் கொள்ள வேண்டும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ல் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாயையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். முன்பு ஆறு மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோலில் மெஷின் ஓடியது என்பதற்காக இப்போதும் அப்படி விடக் கூடாது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது?

பிளக்கைக் கழற்றாமல், நிறுத்தும் சுவிட்சை அணைத்த நிலையில், ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட வேண்டும். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் எஞ்சினில் அமுக்கம் இருக்கிறது. கிணற்றில் வாளி விழுவதுபோல் சரேலென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுமுன் இதைச் செய்து பார்க்கலாம். விற்பவர் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

அடுத்து சைலன்ஸரைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று போல்ட்தான். அந்தத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கோடுகள் விழுந்திருந்தால் அது ஆயில் குறைவாலோ பெட்ரோல் குறைவாலோ வந்த காயம். கார்புரேட்டர் பக்கம் கோடு விழுந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி புகுந்திருக்கிறது என்று பொருள். இந்த வகைச் சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே கெட்டியான பூச்சு இருக்கும். இரும்புச் சிலிண்டருக்குச் செய்வதுபோல் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட முடியாது. ஆகவே பூச்சு போன சிலிண்டரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவையும் மெஷினின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும்.

பிஸ்டன் நன்றாக இருந்தால், மீதி எல்லாம் சில்லறை வேலைகள். ஏர் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி நன்றாகக் காயவைக்க வேண்டும். டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை, நுனி வளைத்த கம்பியால் வாய் வழியாக வெளியே இழுத்து மாற்றலாம். பெட்ரோல் குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. இருக்க வேண்டும். மிகப் பழைய மெஷின்களில் மேக்னெட்டுக்கு அடியில் பாயின்ட் இருக்கும்; அதன் முகத்தைத் துடைத்தாலே பல நேரம் பொறி வந்துவிடும்.

மொபெட் கார்புரேட்டரில் மிதவையும் கிண்ணமும் உண்டு. ரம்பத்தைச் சாய்த்தும் படுக்கவைத்தும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதில் மிதவை வேலை செய்யாது. அதற்குப் பதிலாக மெல்லிய டயாஃப்ரம் வைத்திருக்கிறார்கள். வருஷங்கள் ஆனால் அது விறைத்துப்போகும். தொட்டால் பட்டுத்துணிபோல் மடங்க வேண்டும். காய்ந்த இலைபோல் சத்தம் வந்தால் மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டரின் மேல் உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துச் சென்றால் கடையில் அதற்கான டயாஃப்ரம் செட் கேட்டு வாங்கலாம்.

இனி முக்கியமான சோதனை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மெஷினை இடம், வலம், மூக்கு மேலாக என்று சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்க்கும்போது தானாக வேகம் கூடினாலோ, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதித்தாலோ எங்கோ காற்று புகுகிறது. கிராங்கின் ஆயில் சீல், அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர், இந்த இரண்டில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். இதைத் திருகால் மறைக்க முயல்வதுதான் பிஸ்டனைக் கொல்கிறது.

திருகு வைக்கும் முறை

எல், எச் என்ற இரண்டு திருகுகளையும் மெதுவாக, அழுத்தாமல், வலப்புறம் முடியும்வரை திருப்பி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று திறக்க வேண்டும். பல பழைய மெஷின்களுக்கு இது தொடக்கப் புள்ளி. எஞ்சின் சூடானதும் எல் திருகை, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தடுமாறாமல் எழும் இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது திருகு நிற்கும் வேகத்துக்கு. செயின் சுற்றாமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி அதை அமைக்க வேண்டும்.

எச் திருகுக்குக் காதுதான் அளவுகோல். வெறுமனே முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் சற்று உடைந்து, கரகரவென்று வர வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீராக ஒலிக்க வேண்டும். வெறும் காற்றிலேயே கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு; இடப்புறம் திறக்க வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் மிகுதி, சிறிது மூடலாம். சந்தேகம் வந்தால் திறந்த பக்கமே நிற்பது நல்லது. கொஞ்சம் புகை வந்தால் வரட்டும். ஆயில் அளவையோ, ஃபில்டரையோ மாற்றினால் மறுபடியும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சைலன்ஸரில் துளை போட்டால் பலம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். புகை தாராளமாக வெளியேறினால் ஓரளவு பலம் கூடுவது உண்மை. ஆனால் அப்போது எச் திருகையும் சிறிது திறந்தாக வேண்டும். அதை மறந்தால் பழைய கதைதான். பொறி தடுக்கும் வலையைக் கழற்றிவிட்டுக் காய்ந்த புல்லில் வேலை செய்தால் தீ பிடிக்கும். சத்தமோ காதைப் பிளக்கும். வருஷத்துக்குச் சில நாள் வெட்டும் விவசாயிக்கு இது தேவையில்லாத வேலை. சின்ன எஞ்சினில் நீள பார் மாட்டுவதும் அப்படியே.

அதைவிட ஒரு வட்ட அரத்தால் வரும் லாபம் அதிகம். மரத்தைக் குடையும் வண்டுப் புழு வலமும் இடமுமாகக் கடித்து முன்னேறுவதை 1946-ல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் கண்டார். அதைப் பார்த்துச் செய்த செயின்தான் இன்றைய செயினுக்கு முன்னோடி. அந்தப் பல் கூராக இருந்தால் மெஷின் தானே மரத்துக்குள் இறங்கும். கையால் அழுத்த வேண்டியதில்லை. சீவல்போல் துண்டு விழுந்தால் கூர் உண்டு. மாவுபோல் விழுந்தால் கூர் இல்லை. மண் ஒட்டிய தென்னை அடிமரத்தில் ஒருமுறை பட்டாலே கூர் போய்விடும். செயின் அளவுக்கேற்ற அரத்தை எடுத்து, பெரும்பாலானவற்றில் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னுள்ள சின்ன மேட்டையும் அவ்வப்போது தட்டையரத்தால் தேய்க்க வேண்டும்; பல மெஷின்களில் அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். மேலும் தாழ்த்தினால் ரம்பம் பிடுங்கும்.

செயின் பிரேக் 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய மெஷினில் அது இருக்காது. பிந்தைய மெஷினில் இருந்தும் உடைந்து கிடக்கலாம். பார் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் கண் இமைக்குமுன் முகத்தை நோக்கி எகிறும். பிரேக் வேலை செய்யாத மெஷினை எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேலைக்கு எடுக்கக் கூடாது. உடைந்த பிரேக்கைச் சரிசெய்யாமல் கழற்றி வீசுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் இரவல் வாங்கவும் வேண்டாம்.

வெட்டு முடிந்து மெஷினைப் பரணில் வைக்குமுன் டாங்கைக் காலி செய்து, தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பார் ஓட்டையையும் பள்ளத்தையும் கம்பியால் சுரண்டி, செயினில் சிறிது ஆயில் தடவி, எலி கடிக்காத இடத்தில் வைக்கலாம். அடுத்த முறை எடுக்கும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் ஒரே அளவில் தேயும்.