மைக்ரோவேவ் அடுப்பும் நேர்மாறு விகிதசமனும்



8 மனிதர் 6 நாட்களில் செய்யும் வேலையை 12 மனிதர் எத்தனை நாட்களில் செய்வர் என்ற கணக்கு உங்களுக்குப் பழகிப்போனது. 8 × 6 = 48 மனித நாட்கள். அதை 12 ஆல் வகுக்க 4 நாட்கள். மனிதர் கூடினால் நாள் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் இதில் பிழை விடுபவர்கள் குறைவு. ஆனால் மனிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "வாற்று" என்ற சொல்லைப் போட்டவுடன் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுவதை வகுப்பில் பார்க்கிறேன். கணக்கு அதே கணக்குத்தான்.

உதாரணம் 1

ஓர் உணவுப் பொதியில் "800 வாற்று, 3 நிமிடம்" என அச்சிடப்பட்டுள்ளது. வீட்டிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பின் வலு 600 வாற்று எனின், அவ்வுணவைச் சூடாக்க எவ்வளவு நேரம் தேவை?

விஞ்ஞான பாடத்தில் படித்ததை இங்கே நினைவுகூருங்கள். சக்தி = வலு × நேரம். ஒரு வாற்று என்பது ஒரு செக்கனில் ஒரு யூல் சக்தி. உணவுக்குத் தேவையான சக்தி மாறவில்லை. அதைக் கொடுக்கும் அடுப்புத்தான் மாறுகிறது. ஆகவே வலு × நேரம் ஒரு மாறிலி. இதுவே நேர்மாறு விகிதசமன்.

தீர்வு:
3 நிமிடம் = 180 செக்கன்
தேவையான சக்தி = 800 × 180 = 144 000 யூல்
600 வாற்று அடுப்பில் நேரம் = 144 000 ÷ 600 = 240 செக்கன் = 4 நிமிடம்

இவ்வினாவுக்கு இரண்டு பிழையான விடைகள் அடிக்கடி வருகின்றன. முதலாவது 2 நிமிடம் 15 செக்கன். இது நேர்விகிதசமன் எனக் கருதி 600/800 ஆல் பெருக்கியதால் வந்தது. விடையை எழுதிய பின் "வலு குறைந்த அடுப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டுமா, குறைந்த நேரம் வேண்டுமா?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தாலே இந்தப் பிழை பிடிபட்டுவிடும்.

இரண்டாவது விடை 3 நிமிடம் 45 செக்கன். இது சற்றுத் தந்திரமான பிழை, ஏனெனில் விடை 3 நிமிடத்திலும் கூடியதாக இருப்பதால் சரிபோலத் தோன்றும். "வலு 25% குறைந்தது, ஆகவே நேரத்தை 25% கூட்டுவோம்" என்று நினைத்ததன் விளைவு இது. வலு 3/4 மடங்கானால் நேரம் 4/3 மடங்காகும். அதாவது நேரம் கூட வேண்டியது 33 1/3%, 25% அல்ல. இன்னும் நம்பிக்கை வரவில்லையெனில் வலுவைப் பாதியாக்கிப் பாருங்கள். 50% குறைந்த வலுவுக்கு நேரம் இரண்டு மடங்கு, அதாவது 100% கூட வேண்டும். சதவீதத்தை அப்படியே மறுபக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. பின்னமாக எழுதி, அந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குங்கள்.

15 செக்கன்தானே என்று நினைக்கலாம். பொதியில் இருப்பது 500 கிராம் கோழிக்கறி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 5 பாகை செல்சியசில் எடுக்கப்பட்டது என வைப்போம். அதன் தன்வெப்பக் கொள்ளளவை நீரினது போல 4200 எனவும், சக்தி இழப்பு இல்லை எனவும் கொள்வோம். 144 000 யூல் கிடைத்தால் வெப்பநிலை ஏறத்தாழ 69 பாகை உயர்ந்து 74 இற்கு வரும். 3 நிமிடம் 45 செக்கன் வைத்தால் கிடைப்பது 135 000 யூல். கறி ஏறத்தாழ 69 பாகையில் நிற்கும். 2 நிமிடம் 15 செக்கன் வைத்தால் 81 000 யூல். 44 பாகைக்குத்தான் வரும். உணவு முழுவதும் 70 பாகைக்காவது சூடேற வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 44 பாகை என்பது கிருமிகள் சாகும் சூடல்ல, அவை பெருகும் இளஞ்சூடு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய அடுப்பின் ஆங்கிலக் குறிப்பை வீட்டில் வாசித்துச் சொல்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். தம்பி தங்கை சாப்பிடப்போவது உங்கள் கணக்கின் விடையை.

உதாரணம் 2

1000 வாற்று அடுப்பில் 2 நிமிடம் 30 செக்கன் எடுக்கும் உணவுக்கு 750 வாற்று அடுப்பில் எவ்வளவு நேரம் எடுக்கும்?

நிமிடத்திலேயே செய்தால் 2.5 × 1000 ÷ 750 = 3.33 என வரும். உடனே "3 நிமிடம் 33 செக்கன்" என்று எழுதிவிடுகிறார்கள். 0.33 என்பது ஒரு நிமிடத்தின் மூன்றிலொரு பங்கு, அதாவது 20 செக்கன். தொடக்கத்திலேயே செக்கனுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை: 150 × 1000 ÷ 750 = 150 × 4/3 = 200 செக்கன் = 3 நிமிடம் 20 செக்கன். பரீட்சையில் கணிகருவி இல்லை. எனவே முதலில் பின்னத்தைச் சுருக்குங்கள், பிறகு பெருக்குங்கள்.

அடுப்பிலுள்ள வலு மட்டங்களையும் அறிந்துகொள்வது நல்லது. 800 வாற்று அடுப்பில் 50% மட்டத்தைத் தெரிவு செய்தால் சராசரி வலு 400 வாற்று. சாதாரண அடுப்புகளில் நுணுக்கலையை உண்டாக்கும் மக்னெற்றோன் என்ற பகுதி அரை வலுவில் இயங்குவதில்லை. சில செக்கன்கள் முழு வலுவில் இயங்கும், பின்னர் சில செக்கன்கள் நிற்கும். காதைக் கொடுத்துக் கேட்டால் அடுப்பின் இரைச்சல் மாறி மாறி வருவது தெரியும். இன்வேட்டர் வகை அடுப்புகள் மட்டுமே வலுவைத் தொடர்ச்சியாகக் குறைத்துக் கொடுக்கும். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். சராசரி வலுவை எடுங்கள்.

அடுப்பின் பின்புறத் தகட்டில் இரண்டு வலுக்கள் காணப்படலாம்: உள்ளீடு 1200 வாற்று, வெளியீடு 800 வாற்று என்றவாறு. சமையல் நேரக் கணக்குக்கு வெளியீட்டையே பயன்படுத்த வேண்டும். மீதி 400 வாற்று அடுப்பின் உள்ளே வெப்பமாகவும் வேறு வகைகளிலும் போய்விடுகிறது. ஆனால் மின்கட்டணக் கணக்குக்கு உள்ளீடுதான் வேண்டும். போனதற்கும் சேர்த்துத்தானே காசு. 1200 வாற்றில் 5 நிமிடம் என்றால் 1.2 × 1/12 = 0.1 அலகு.

தகடு அழிந்துபோன பழைய அடுப்பா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே வலுவை அளக்கலாம். 1 லீற்றர் நீரை அடுப்புக்கு உகந்த பாத்திரத்தில் எடுத்து வெப்பநிலையைக் குறியுங்கள். முழு வலுவில் 120 செக்கன் வைத்து, வெளியே எடுத்துக் கலக்கி, மீண்டும் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பமானியை அடுப்பினுள் விடக்கூடாது. உயர்வு 20 பாகை எனின் நீர் பெற்ற வெப்பம் 1 × 4200 × 20 = 84 000 யூல்; வலு 84 000 ÷ 120 = 700 வாற்று. பாத்திரமும் சிறிது வெப்பத்தை எடுப்பதால் உண்மையான வலு இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்.

நான் கலைப்பட்டதாரி, ஆகவே ஒரு சூத்திரம் எங்கே செல்லும் என்பதோடு எங்கே செல்லாது என்பதையும் கேட்பது என் பழக்கம். நுணுக்கலைகள் உணவினுள் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்கே நன்றாக ஊடுருவும். தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு வெப்பம் கடத்தல் மூலமே போய்ச் சேர வேண்டும். அடுப்பின் வலு கூடியது என்பதற்காகக் கடத்தல் வேகமாகாது. இதனால்தான் பொதிகளில் "சூடாக்கிய பின் 2 நிமிடம் வைத்திருக்கவும்" என எழுதுகிறார்கள். இந்த வைத்திருக்கும் நேரம் மாறிலியில் சேராது. 900 வாற்றில் 4 நிமிடம் சூடாக்கி 2 நிமிடம் வைக்க வேண்டிய உணவு 600 வாற்று அடுப்பில் 6 + 2 = 8 நிமிடம் எடுக்கும். மொத்தம் 6 நிமிடத்தை 1.5 ஆல் பெருக்கி 9 என எழுதுவது பிழை.

பயிற்சி

1. 1000 வாற்றில் 4 நிமிடம் 30 செக்கன் எடுக்கும் உணவு 900 வாற்றில் எடுக்கும் நேரம் யாது?
2. 700 வாற்றில் 6 நிமிடம் எடுக்கும் உணவு 750 வாற்றில் எடுக்கும் நேரம் யாது?
3. 720 வாற்றில் 6 நிமிடம் தேவையான உணவு, 900 வாற்று அடுப்பில் 60% மட்டத்தில் வைக்கப்படுகிறது. தேவையான நேரம் யாது?
4. அடுப்பின் வலு 25% கூடினால் நேரம் எத்தனை சதவீதம் குறையும்? (25% என எழுதினால் உதாரணம் 1 ஐ மீண்டும் வாசிக்க.)

விடைகள்: 1. 5 நிமிடம். 2. 5 நிமிடம் 36 செக்கன். 3. 8 நிமிடம். 4. 20%.