வினாவுக்குள் மறைந்திருக்கும் தேசம்

அரசியலை ஆராயும் அறிஞர், நட்சத்திரங்களை அளக்கும் வான சாஸ்திரியைப் போலப் பற்றற்ற கண்ணோடு மனித சமுதாயத்தைப் பார்க்கிறார் என்ற நம்பிக்கை பொதுமக்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் அரசியல் சாஸ்திரத்தின் சரித்திரத்தைச் சற்றே ஊன்றிக் கவனிப்போருக்கு, முடிவுகள் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே, கேள்விகள் உருவாகும்போதே, ஆராய்பவரின் ஊரும் அவரைப் போஷிக்கும் சர்வகலாசாலையும் அவற்றுள் குடிபுகுந்துவிடுவது புலனாகும்.

இதற்குச் சிறந்த சான்று நம் பழைய சென்னை ராஜ்யத்திலேயே கிடைத்தது. ஹார்வர்டில் பயின்ற லாயிட் ரூடால்ஃப், சூசன் ஹோபர் ரூடால்ஃப் என்னும் இளம் தம்பதியர் 1956-இல் இந்தியாவுக்கு வந்து, மக்களின் அரசியல் அபிப்பிராயங்களைக் கேட்டறியும் பணியில் இங்கே ஈடுபட்டனர். ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுக்கே உரிய அபிப்பிராயம் ஒன்று உண்டென்பதும், அதைப் பிறர் காதில் விழாமல் தனிமையில் கேட்டால்தான் உண்மை வெளிப்படும் என்பதும் அவர்கள் கற்றுவந்த முறையின் அஸ்திவாரம். நம் கிராமங்களிலோ தனிமையே அரிது. ஒருவரை அணுகினால் வீட்டாரும் அயலாரும் கூடிவிடுவர். குடும்பமும் சாதியும் ஊரும் கலந்து பேசி உருவாக்கும் பொதுச் சொத்தாகவே அபிப்பிராயம் பெரும்பாலும் விளங்கிற்று. கிராமத்தாரின் அறியாமை என்று இதை ஒதுக்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ரூடால்ஃப் தம்பதியரோ, தவறு கிராமத்தாரிடம் இல்லை, மேல்நாட்டு வாழ்க்கையில் பிறந்த ஓர் அனுமானத்தை மனித சுபாவமாகவே கொண்டுவிட்ட முறையில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்து, அந்த அனுபவத்தை 1958-இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுமியாகக் குடும்பத்தாருடன் வெளியேறி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த சூசன், அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கத்தின் தலைவராக 2004-இல் நிகழ்த்திய பிரசங்கத்தில், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இதையே நினைவுகூர்ந்து, ஓரிடத்தில் தோன்றிய கருத்துக்களை உலகம் முழுமைக்கும் பொதுவெனச் சுமத்துவது ஒருவகை ஏகாதிபத்தியமே என்று வாதித்தார். வேரோடு பெயர்க்கப்பட்ட பால்யம்தான் அப்பார்வையை அளித்தது என்று துணிந்து கூற இயலாது. தொடர்பே இல்லையென்று கூறவும் என் மனம் ஒப்பவில்லை.

ஊரைப் போலவே ஸ்தாபனமும் சிந்தனைக்குத் திசை காட்டுகிறது. வியன்னாவில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்து, ஹார்வர்டில் ஆசிரியராக விளங்கிய ஸ்டான்லி ஹாஃப்மன், சர்வதேச உறவுகளைப் பற்றிய சாஸ்திரம் ஓர் அமெரிக்க சாஸ்திரமே என்று 1977-இல் எழுதியபோது, அங்குள்ள சர்வகலாசாலைகளின் செழிப்பையும், தர்ம ஸ்தாபனங்களின் பொருளுதவியையும், அறிஞர்கள் அரசாங்கப் பதவிக்குச் சென்று மீளும் வழக்கத்தையும் அதற்குரிய காரணங்களுள் சேர்த்தார். வல்லரசின் கவலைகளே அறிஞரின் கேள்விகளாயின. எளிய தேசங்களின் கண்ணுக்கு உலகம் எவ்வாறு தோன்றும் என்ற வினா கேட்பாரற்றுக் கிடந்தது.

இவ்வாறே, இரு கட்சிகள் மாறி மாறி ஆள்வதே ஜனநாயகத்தின் லட்சணமென்று பழகியவர்களுக்கு, காங்கிரஸ் ஒன்றே தொடர்ந்து ஆண்ட இந்தியா புரியாத புதிராக இருந்தது. பரோடாவில் ஆசிரியராக இருந்து, 1963-இல் டில்லியில் வளரும் சமுதாயங்களுக்கான ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ரஜனி கோத்தாரி, காங்கிரஸுக்குள்ளேயே கோஷ்டிகள் போட்டியிடுவதையும், வெளியிலுள்ள எதிர்க்கட்சிகள் அக்கோஷ்டிகளின் வாயிலாகவே ஆட்சியின் போக்கை மாற்றுவதையும் அருகிருந்து கண்டு, இதுவும் போட்டியுள்ள ஒரு முறையே என்று 1964-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தக் கட்டுரையும் கலிபோர்னியாவிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவரும் 'ஆசியன் சர்வே' என்ற சஞ்சிகையிலேதான் அச்சேறியது. நம் தேசத்தைப் பற்றி நம்மவர் கண்டறிந்தது உலக அறிஞரின் செவிக்கு எட்டுவதற்கும் அவ்வளவு தூரம் சென்று மீள வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தமே தருகிறது.