மார்பக அறுவை சிகிச்சை: வகைகளும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியதும் பெரும்பாலான பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவீர்களா?" என்பதாகும். இந்த அச்சத்தினால் சிலர் மாதக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். வேறு சிலர், முழுவதும் எடுத்தால்தான் நோய் திரும்பாது என்று எண்ணி, தேவையில்லாத நிலையிலும் மார்பகத்தை இழக்கின்றனர். இவ்விரண்டும் தவிர்க்கத்தக்கவை. உங்களுக்குப் பொருத்தமான சிகிச்சையை மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்ய இத்தகவல்கள் உதவும்.

அறுவை சிகிச்சைக்கு முன்

மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனவே, கட்டியைக் கண்டவுடன் வெட்டி எடுத்துவிடுவது சரியான முறையன்று. மருத்துவர் கையால் பரிசோதித்தல், மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஊசி மூலம் எடுக்கப்படும் திசுப் பரிசோதனை (பயாப்சி) ஆகியவற்றின் மூலம் கட்டியின் தன்மை முதலில் அறியப்பட வேண்டும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மாறாக, பரிசோதனையின்றி அகற்றிய கட்டி பின்னர் புற்றுநோய் எனத் தெரியவந்தால், மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும்.

கட்டி பெரிதாக இருப்பின், முதலில் கீமோதெரபி மருந்துகளால் அதைச் சுருக்கிய பின் அறுவை சிகிச்சை செய்வதுண்டு. இது தாமதம் அன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

அறுவை சிகிச்சையின் வகைகள்

1. சாதாரணக் கட்டியை அகற்றுதல்: இளம் பெண்களிடம் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா போன்ற கட்டிகள் புற்றுநோய் அல்ல. இவை அனைத்தையும் அகற்ற வேண்டியதில்லை. கட்டி வளர்ந்தாலோ, பரிசோதனை முடிவில் ஐயம் இருந்தாலோ மட்டும் அகற்றப்படும்.

2. மார்பகம் காக்கும் அறுவை சிகிச்சை: புற்றுநோய்க் கட்டியும், அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவில் ஒரு விளிம்பும் மட்டும் அகற்றப்படும். ஆய்வகப் பரிசோதனையில் அவ்விளிம்பில் புற்றுநோய்ச் செல்கள் தென்பட்டால், மேலும் சிறிது திசுவை அகற்ற நேரலாம். இதன் பின்னர் பெரும்பாலானோருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அவசியம்.

3. மார்பக நீக்கம்: மார்பகம் முழுவதும் அகற்றப்படும். ஒரே மார்பகத்தில் பல இடங்களில் புற்றுநோய் இருத்தல், மார்பகத்தின் அளவை நோக்கக் கட்டி மிகப் பெரிதாக இருத்தல், கதிர்வீச்சு அளிக்க இயலாத உடல்நிலை ஆகியவற்றில் இது பரிந்துரைக்கப்படுகிறது.

4. அக்குள் நிணநீர் முடிச்சு அறுவை சிகிச்சை: மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கே பரவுகிறது. தொடக்க நிலையில், நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பர். பரவல் அதிகமாக இருப்பின் கூடுதல் முடிச்சுகள் அகற்றப்படும்.

5. மார்பக மறுசீரமைப்பு: முதுகு அல்லது அடிவயிற்றுத் திசுவைக் கொண்டோ, சிலிக்கோன் பொருத்தியோ மார்பக வடிவம் மீண்டும் உருவாக்கப்படும். நீக்கும்போதே செய்யலாம்; பின்னரும் செய்யலாம். விரும்பாதவர்கள் உள்ளாடையினுள் வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்தலாம்.

முழுவதும் நீக்குவதுதான் பாதுகாப்பானதா?

தொடக்க நிலைப் புற்றுநோயைப் பொறுத்தவரை, இல்லை. 1970களில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தொடங்கிய இரு பெரிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002ஆம் ஆண்டு வெளியாயின. மார்பகம் காக்கும் சிகிச்சையுடன் கதிர்வீச்சும் பெற்றவர்களும், மார்பகம் நீக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் வாழ்ந்தனர்.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களில் 100க்கு 14 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 பேருக்குத் திரும்பியது. இன்றைய மருந்துகளால் இந்த அளவு மேலும் குறைந்துள்ளது. எனினும், கதிர்வீச்சை இடையில் நிறுத்துவது ஆபத்தானது.

கதிர்வீச்சு சிகிச்சை வழக்கமாக வாரத்தில் 5 நாட்கள் வீதம், சில வாரங்கள் தொடரும். சிகிச்சை மையம் தொலைவில் இருந்தாலோ, தங்க இடமோ துணைக்கு ஆளோ இல்லாவிட்டாலோ, அதை அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் அதுவும் கருத்தில் கொள்ளப்பட வேண்டிய செய்தியே.

அறுவை சிகிச்சைக்குப் பின்

• காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வடிகுழாய் பொருத்தப்படலாம். குழாயுடன் வீடு திரும்பினால், நாள்தோறும் வடியும் நீரின் அளவைக் குறித்து வையுங்கள்.
• அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் மரத்துப்போன உணர்வு ஏற்படலாம்.
• தோள்பட்டை இறுகாமலிருக்க, மருத்துவர் அனுமதித்தவுடன் கற்றுத்தரப்படும் கைப் பயிற்சிகளைத் தவறாமல் செய்யுங்கள்.
• நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட பக்கக் கையில், பல மாதங்கள் கழித்தும் வீக்கம் வரக்கூடும். வளையல் இறுகுவதுகூட முதல் அறிகுறியாக இருக்கலாம். அக்கையில் வெட்டுக்காயமும் தீக்காயமும் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ், திடீர் வீக்கம் ஆகியவை இருப்பின் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அகற்றப்பட்ட திசுவின் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த சிகிச்சை கீமோதெரபியா, ஹார்மோன் மாத்திரையா என்பதை அந்த அறிக்கையே பெரிதும் தீர்மானிக்கிறது. புண் ஆறியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் நோய் எந்த நிலையில் உள்ளது?
• மார்பகத்தைக் காக்க இயலுமா? இயலாது எனில் ஏன்?
• அக்குளில் எத்தனை முடிச்சுகளை அகற்றுவீர்கள்?
• கதிர்வீச்சு எங்கு, எத்தனை நாட்கள்?
• மறுசீரமைப்பு எனக்குப் பொருந்துமா?

குடும்பத்தினருடன் கலந்து பேசுவது நல்லது. ஆயினும் உடல் உங்களுடையது. இசைவுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவரும் நீங்களே. படிவத்தில் எழுதியுள்ளது புரியவில்லை எனில், புரியும்வரை கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவது மருத்துவரின் கருத்தை நாடுவதிலும் தவறில்லை. ஆனால் அதன் பொருட்டுச் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகக் கூடாது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ப் புற்றுநோய் சிகிச்சை பெற வழியுண்டு. மருத்துவமனையில் சேரும் முன் காப்பீட்டு அட்டையுடன் அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவை அணுகுங்கள். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.