விராலுக்கு உயிர் இரை எதற்கு?

வண்ணமீன் கடைகளில் சில நேரம் விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாக நீந்துவதைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் செந்நிறம், பக்கவாட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். பார்த்ததும் பிடித்துப்போகும். இவை தென்கிழக்கு ஆசியாவின் பெரு விரால் குஞ்சுகள். உயிரியல் பெயர் சன்னா மைக்ரோபெல்டஸ். வளர வளர அந்தச் சிவப்பு மறைந்துவிடும். முழு வளர்ச்சி அடைந்த மீன் ஒரு மீட்டரைத் தாண்டும், எடை 20 கிலோ வரை போகும். வாங்குபவரின் வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டடித் தொட்டி.

விரால் வளர்ப்பில் வரும் துன்பங்களில் பாதி இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. எந்த இனம், எவ்வளவு வளரும், எந்த ஊர்த் தண்ணீரில் பிறந்தது என்று கேட்காமலே மீன் பைக்குள் போய்விடுகிறது.

தமிழர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. சந்தையில் பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு கிடக்கும் விரால், வயல் வாய்க்காலில் சிக்கும் குறவை, பெரிய ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நான்கடிக்கு மேல் வளரும் அவுரி எல்லாம் ஒரே குலம். தெலங்கானா அரசு விராலையே தன் மாநில மீனாக அறிவித்திருக்கிறது. ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும் மீன் இது. ஈரம் இருந்தால் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கும் போய்ச் சேரும்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை இந்தக் குலத்தின் குட்டை இனங்கள். அசாமின் சன்னா பிளெஹெரி ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாது. மேற்கு வங்கச் சதுப்பு ஒன்றிலிருந்து 2013இல் அறிவியலுக்கு அறிமுகமான சன்னா ஆண்ட்ராவ் அதைவிடவும் சிறியது. இரண்டுக்கும் நீலமும் செம்மஞ்சளும் கலந்த அழகு உண்டு. ஆனால் பிரம்மபுத்திரா பகுதி மீன்கள் குளிர்காலத்தை அறிந்தவை. அங்கே மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் 20 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சென்னைத் தொட்டியில் அவற்றுக்கு ஓய்வுக்காலமே கிடைப்பதில்லை, நாளடைவில் நலிந்துபோகின்றன. நம் ஓடைகளிலேயே வாழும் சன்னா கச்சுவா என்ற சிறு குறவை இனம் நம் வெப்பத்துக்குப் பழகியது. புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை. மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி நிம்மதியாக வாழும்.

தொட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது மூடி. விரால் குலத்து மீன்களுக்குச் செவுளுக்கு மேலே காற்றை உள்ளிழுக்கும் அறை ஒன்று இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். வளர்ந்த மீன் மேற்பரப்புக்கு வர முடியாமல் வலையில் சிக்கிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூடிக்கும் நீருக்கும் நடுவே நாலைந்து அங்குல இடைவெளி வேண்டும். மூடியும் கனமாக, பொருத்தமாக இருக்க வேண்டும். ஃபில்டர் குழாய்க்காக விட்ட சந்து வழியாகக்கூட இவை எகிறிக் குதித்து வெளியேறும். காலையில் கட்டிலுக்கடியில் காய்ந்து கிடக்கும் மீனை எடுத்த வளர்ப்பாளர்கள் நிறையப் பேர்.

அடுத்தது இரை. விரால் வாங்குபவர்களில் பலருக்கு ஆசையே அது இரை பிடிப்பதைப் பார்ப்பதில்தான். ஒரு பை நிறையத் தங்கமீன் குஞ்சுகளைக் கொட்டி, பாய்ந்து விழுங்கும் காட்சியைக் கைபேசியில் பிடிக்கிறார்கள். மீனுக்கு இதைவிடக் கெடுதலான உணவுமுறை குறைவு. மலிவு விலை இரைமீன்கள் நெருக்கடியான தொட்டிகளில் வளர்ந்தவை; வெண்புள்ளி நோயையும் ஒட்டுண்ணிகளையும் சுமந்துகொண்டு வரும். தங்கமீனிலும் அதன் கெண்டைக் குலத்து உறவுகள் பலவற்றிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் சத்துக்குறைவால் தள்ளாடி, நரம்புத் தளர்ச்சி கண்டு சாகும். இரைமீனை ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் அந்த நொதி அழியாது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சித் துண்டுகளும் சரிப்படாது. அவற்றின் கொழுப்பை மீனின் உடம்பு சரியாகக் கையாளாது. ஈரலில்தான் போய்ப் படியும்.

உயிரோடு துடித்தால்தான் விரால் தின்னும் என்பது வெறும் நம்பிக்கை. ஆந்திராவிலும் தமிழகத்திலும் விரால் பண்ணைக்காரர்கள் குஞ்சுப் பருவத்திலேயே மிதக்கும் தீவனத்துக்குப் பழக்கிவிடுகிறார்கள். வீட்டிலும் அது முடியும். புதிய மீனை இரண்டு மூன்று நாள் பட்டினி போடலாம். நல்ல உடல்நிலையில் உள்ள மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. பிறகு ஓடு நீக்கிய இறால் துண்டு ஒன்றை நீண்ட இடுக்கியில் பிடித்து அதன் முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்ட வேண்டும். அசைவுதான் அதை ஈர்க்கிறது. ஒருமுறை கவ்விவிட்டால் வழி திறந்துவிடும். அடுத்தடுத்த வாரங்களில் மண்புழு, வெட்டுக்கிளி, கடல்மீன் துண்டு, கடைசியில் பெல்லட் என்று மாற்றிக்கொண்டே போகலாம். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து பிடித்த புழுவும் வெட்டுக்கிளியும் மட்டும் வேண்டாம். எந்த ஒன்றையும் தனியுணவாக்காமல் கலந்து கொடுப்பதுதான் பாதுகாப்பு.

அளவு இன்னும் முக்கியம். குஞ்சுகளுக்குத் தினமும் சிறிது சிறிதாகத் தர வேண்டும். பசித்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பதால் பண்ணைகளில் அளவு வாரியாகப் பிரித்து வைக்கிறார்கள். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை போதும். பெரும்பாலான நேரம் அசையாமல் கிடந்து, இரை வந்தால் மட்டும் பாயும் உடம்பு அது. கண்ணாடிக்கு அருகே வந்து நிற்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தால் வயிறு பருத்து மந்தமாகிவிடும். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் அழுக்குத் தண்ணீரிலும் சாகாமல் தாங்கும். அந்தத் தாங்கும் சக்தியே வளர்ப்பாளரை ஏமாற்றுகிறது. அம்மோனியா ஏற ஏறத் துடுப்பு அரித்து, கண் மங்கிய பிறகுதான் தெரியவரும். வாரந்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதைத் தவிர்க்க வழியில்லை.

இவ்வளவு வேட்டைக் குணம் உள்ள மீன்தான் பிள்ளை வளர்ப்பில் அத்தனை பொறுப்பாக இருக்கிறது. சன்னா கச்சுவாவில் ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. பிறகு பெண் மீன் கருவுறாத முட்டைகளை இட்டுக் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கிறது. இரை பாய்ந்து பிடிக்கும் காட்சியைவிட இது எத்தனையோ மடங்கு பார்க்கத் தகுந்தது. ஜோடி சேராத இரண்டு மீன்களை ஒரே தொட்டியில் அடைத்தால் மட்டும் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும். ஆறேழு குஞ்சுகளாக வாங்கி, தாமாக ஜோடி சேரவிட்டு, மற்றவற்றைப் பிரித்தெடுப்பதே அனுபவசாலிகளின் வழி.

பராமரிக்க முடியாதபோது என்ன செய்வது? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரில் ஒருவர், நோயுற்ற சகோதரிக்குச் சூப் வைக்க நியூயார்க்கிலிருந்து வடக்கு விரால் என்ற இனத்து மீன்கள் இரண்டை உயிரோடு வாங்கினார். சகோதரி குணமாகிவிடவே அவற்றை வீட்டுத் தொட்டியில் வைத்திருந்தார். பிறகு ஊர்க் குளத்தில் விட்டுவிட்டார். 2002இல் அந்தக் குளத்தில் விரால் இருப்பது தெரியவந்தது. அந்தச் செப்டம்பரில் ரோட்டினோன் நஞ்சு கலந்து குளத்து மீன்களைக் கொன்றபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரால் குஞ்சுகள் மிதந்தன. அதே ஆண்டு அமெரிக்கா இந்தக் குலம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடை விதித்தது. 2004இல் அருகிலுள்ள பொட்டோமாக் ஆற்றிலும் வடக்கு விரால் பிடிபட்டது. இன்றுவரை அங்கே பெருகி வாழ்கிறது.

தாய்லாந்துப் பெரு விராலையோ அசாம் மீனையோ காவிரியில் விடுவதும் அதே செயல்தான். நம் ஊர் விராலாக இருந்தாலும், தொட்டியில் தொற்றிய நோயோடு ஏரிக்குள் போனால் அங்குள்ள மீன்களுக்கு ஆபத்து. வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையில் திருப்பித் தரலாம். பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று மீனை வாங்கும் அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.