பட்டாளத்தில் சண்டை வந்தால் யார் விலக்குவது?



நம் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் 1963 முதல் நடக்கிறது. அங்கே துப்பாக்கி சுடவும் ஓடவும் சொல்லித் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கூட இருப்பவர்களை நடத்தத் தெரிவதும் ஒரு பாடம் என்று எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயா சொன்னார். நான் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு!

போன வருஷம் இரண்டு பிரிவுப் பையன்களுக்குள் கைகலப்பு. வகுப்புப் பிரதிநிதி என்ற தோரணையில் ஓடிப்போய் என் நண்பனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவன் கை இரண்டும் என்னிடம். எதிராளியின் கை சும்மா இருக்குமா? நண்பனுக்கு மூக்கில் ரத்தம், எனக்கு உதடு. "நீ விலக்கி விடப் போனியா, அவனுக்கு அடி வாங்கிக் குடுக்கப் போனியா?" என்று ஐயா சிரித்தார்.

பட்டாளத்தில் மேலதிகாரி நடுவில் புகுந்து கை வைக்க மாட்டாராம். பயமா? இல்லை. சிப்பாய்கள் இருவர் அடித்துக்கொண்டால் கமாண்டிங் ஆபீசரே விசாரித்து 28 நாள் வரை தண்டனை கொடுத்து முடித்து விடலாம். ஆனால் போதையில் வீசிய கை ஹவில்தார் மேல் பட்டால் கதையே வேறு. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 40-ஆவது பிரிவில் மேலதிகாரியை அடித்த குற்றத்துக்கு 10 ஆண்டு வரை சிறை. அவர் பணியில் இருந்தால் 14 ஆண்டு. ஒரு குடும்பமே போச்சு. அதனால் முதலில் குரல்தான். பெயரைச் சொல்லி "சாவ்தான்!" என்று ஒரு அதட்டல். அதற்கும் அடங்காவிட்டால் சமமான பதவியில் உள்ளவர்களை விட்டு இருவரையும் ஒரே நேரத்தில் எதிரெதிர் திசையில் இழுக்கச் சொல்வார்களாம். நான் செய்யாதது அதைத்தான்.

கோபத்தில் மேலதிகாரி சிப்பாயை அடித்தாலும் குற்றமே. 47-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதிகாரிகளே சண்டை போட்டால், பதவியில் சிறிய அதிகாரி பெரியவரைக் காவலில் வைக்க உத்தரவிடலாம்! 101-ஆவது பிரிவு. "நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்று மறுத்தால் அது தனிக் குற்றம்.

போதையில் இருப்பவனிடம் அன்று ராத்திரியே விசாரணை கிடையாது என்றார் ஐயா. தெளிய வேண்டும். அதற்காக இழுத்தடிக்கவும் கூடாது. காவலில் வைத்தால் 48 மணி நேரத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பது சட்டம். குற்றம் சாட்டப்பட்டவன் முன்னாலேயே சாட்சி கேட்பார்கள். அவனும் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

விலக்க வேண்டியவர்களே கட்சி கட்டினால்? 2012 மே மாதம் லடாக்கின் நியோமா பகுதியில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவில் அதுதான் நடந்தது. அதிகாரிகள் ஒரு ஜவானை அடிக்க, மற்ற ஜவான்கள் திரண்டு மோத, கமாண்டிங் ஆபீசரே காயப்பட்டார்.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். என் நண்பனும் என்னைப் போலவே வீட்டில் முதல் படிப்பு. அவன் அப்பா கல் உடைத்து ஃபீஸ் கட்டுகிறார். இருவரையும் உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் சஸ்பெண்ட், ஒரு பிராக்டிகல் போச்சு. இன்னும் இருவருக்கும் பேச்சில்லை.

"ரெண்டு பேரையும் ஒரே வேலையில போடு" என்றார் ஐயா. இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட அவர்கள் பெயரைச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை இவன். இப்போது இருவரும் என்னிடம்தான் பேசுவதில்லை.