இலை லோடுக்குச் சொந்த வண்டி வாங்கலாமா?

குந்தா வட்டத்தில் மஞ்சூர், எடக்காடு, பிக்கட்டி, கிண்ணக்கொரை பகுதிகளில் இரண்டு, மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. பசுந்தேயிலை விலை கைக்கும் வாய்க்குமாக இருக்கிறது; இலையை ஏற்றிச் செல்ல வாடகையும் போகிறது; வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த பையன் இருக்கிறான். ஒரு பிக்கப் வண்டியைத் தவணையில் எடுத்தால் என்ன என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பத்திரத்தை அடகு வைக்குமுன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

முதலில் சொந்த இலையை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 கிலோ பசுந்தேயிலை கிடைப்பதாகக் கொண்டால், இரண்டு ஏக்கருக்கு 8,000 கிலோ. ஒரு டன் ஏற்றும் வண்டிக்கு இது ஆண்டு முழுவதற்கும் எட்டே லோடு. ஆகவே, சொந்த இலைக்காக வண்டி என்பது சரியான பேச்சல்ல. வண்டி வாங்குகிறவர் பிறருடைய இலையையும் காய்கறியையும் நம்பித்தான் வாங்குகிறார். அவர் விவசாயத்தோடு இன்னொரு தொழிலையும் தொடங்குகிறார் என்பதே பொருள்.

அந்தத் தொழிலின் வரவு செலவைப் பார்ப்போம். வண்டி விலை 9 லட்சம் ரூபாய், கைப்பணம் 2 லட்சம், கடன் 7 லட்சம், வட்டி 12 சதவீதம், தவணை 60 மாதம் என்று கொண்டால், மாதத் தவணை சுமார் 15,600 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. செலவுகளுக்கு மாதம் 4,000. டயர், பிரேக், கிளட்ச் முதலியவற்றுக்கு 5,000 ஒதுக்க வேண்டும். மலைப்பாதையில் டயரும் பிரேக்கும் சமவெளியில் உழைப்பதுபோல் உழைக்காது. ஆக, வண்டி நின்றாலும் ஓடினாலும் மாதம் 24,600 ரூபாய் வேண்டும். ஓட்டுகிறவரின் கூலி 15,000 ரூபாயைச் சேர்த்தால் 39,600. தானே ஓட்டுவதால் கூலி மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மிச்சமல்ல. அவர் தோட்டத்தில் செய்துவந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிப் போய்வர 130 கிலோமீட்டர் என்றும், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 13 லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் வீதம் 1,235 ரூபாய். சாப்பாடு, ஏற்றுகூலி சேர்த்து 1,500 ஆகிவிடும். வாடகை 3,500 கிடைத்தால் மிச்சம் 2,000. இந்தக் கணக்கில் மாதம் 20 நடை ஓடினால்தான் செலவும் கூலியும் சரிக்குச் சரி வரும். பத்து நடைதான் கிடைத்தது என்றால், கூலி கிடக்கட்டும், தவணை முதலிய செலவுகளுக்கே 4,600 ரூபாய் குறையும். இந்த எண்களை அப்படியே கொள்ள வேண்டாம். தம் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் போட்டு ஒவ்வொருவரும் தாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

20 நடை எல்லா மாதமும் கிடைக்குமா? ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இலை பெருகும்போது வண்டிக்கு ஓய்வு இராது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் செடி கருகி, துளிர் குறைந்துவிடும். மழைக்காலமும் உண்டு. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். அத்தகைய நாட்களில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வண்டி வாசலில் நிற்கும்; தவணைத் தேதி நிற்காது. எனவே கையில் மூன்று மாதத் தவணைப் பணமாவது தனியாக இல்லாதவர் கடனில் இறங்காதிருப்பதே மேல்.

டீசல் விலை ஏறும்போது வாடகை உடனே ஏறாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டியவர்கள் நெடுஞ்சாலைகளிலேயே லாரிகளை நிறுத்தி மறித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பெரிய நாட்டுக்கும் இதே கணக்குதான்.

திரும்பும்போது வண்டி காலியாக வந்தால் பாதி டீசல் வீண். உரம், தொழு எரு, மாட்டுத் தீவனம், சிமெண்ட் என்று மலைக்கு ஏற வேண்டிய பொருள் எவ்வளவோ இருக்கிறது. கீழே இரண்டு கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தவருக்கே இந்தத் தொழில் கட்டுப்படியாகும்.

இலை ஏற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பறித்த இலை மூச்சு விடும். அமுக்கிக் கட்டிய சாக்கில் சூடேறிச் சிவந்துவிடும். நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை சேர்ந்துதான் ஒரு கிலோ தூள் ஆகிறது. சிவந்த இலைக்குத் தொழிற்சாலை விலையைக் குறைக்கும். லோடு நிறையட்டும் என்று மாலை வரை வண்டியை நிறுத்தி வைத்தால், அடுத்த முறை அக்கம்பக்கத்து விவசாயிகள் வேறு வண்டியைத் தேடுவார்கள்.

சட்ட விவரங்களும் அறிந்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியில் பிறர் பொருளை வாடகைக்கு ஏற்றக் கூடாது. மஞ்சள் பலகை வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. சில பிக்கப் வண்டிகள் இந்த அளவைத் தாண்டுவதால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். இலை பறிக்கும் பெண்களைச் சாக்குகளின் மேல் உட்காரவைத்து அழைத்துச் செல்வது நம் மலையில் சாதாரணமாகக் காணும் காட்சி. விபத்து நேர்ந்தால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது அரிது. நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும். இரண்டு ஏக்கரும் அதற்கே போய்விடலாம்.

தனியே வாங்குவதுதான் வழி என்பதில்லை. நீலகிரியின் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-இல் குந்தாவில்தான் தோன்றியது. தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்த ஊர் இது. ஒரு ஹட்டியில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பறிப்பு நாட்களை முறை வைத்துக்கொண்டு, ஒரே வண்டிக்கு ஆண்டு வாடகை பேசினால் கடனில்லாமலே செலவு குறையும். அதே பத்துக் குடும்பங்கள் தம் இலையைத் தருவதாக எழுதிக் கொடுத்தால், வண்டி வாங்க நினைக்கும் பையனுக்கும் அது நல்ல பிடிமானம்.

அவன் அதற்கு முன் ஓராண்டு வேறொருவர் வண்டியை ஓட்டி, பனிக்காலத்தில் எத்தனை நடை கிடைத்தது என்பதை நோட்டில் குறித்துவரட்டும். பழைய வண்டி வாங்குவதானால், பதிவாகி எட்டு ஆண்டு கடந்ததற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதையும், முந்தைய கடன் தீர்ந்து ஆர்.சி. புத்தகத்தில் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.