விமானியின் தகுதி ஒரு நாள் தேர்வில் முடிவதில்லை

2024 நவம்பர் 30. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடக்க ஃபெஞ்சல் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் எங்கும் காற்றும் மழையும். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னை விமான நிலைய ஓடுபாதையில் இறங்கும்போது, குறுக்கே வீசிய காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்தது. சக்கரம் தரையில் படும் கணத்தில் விமானி எஞ்சின் விசையை முழுவதுமாகக் கூட்டினார். விமானம் மீண்டும் வானேறியது.

அந்தக் காணொளியை நாடே பார்த்தது. மயிரிழையில் தப்பிய விபத்து என்று பலர் பதறினார்கள். வகுக்கப்பட்ட பாதுகாப்பு நடைமுறைப்படியே விமானிகள் செயல்பட்டார்கள் என்று நிறுவனம் விளக்கியது. அது உண்மை. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே எழும்புவதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் ‘கோ-அரவுண்ட்’. பறக்கப் பழகும் காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை அவர்கள் ஓயாமல் பயிலும் செயல் இது. இறங்கியே தீர வேண்டும் என்ற உந்துதலை அடக்கி, ‘இப்போது வேண்டாம்’ என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவரே நல்ல விமானி. அப்படிப்பட்டவரை வேலைக்கு எடுக்கும்போதே அடையாளம் காண முடியுமா? எடுத்த பிறகு ஒருவரின் திறன் குறைந்தால் என்ன செய்வது?

வாசலில் நடக்கும் சோதனை

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வான்வழி கண்டறிதல், வானிலையியல், விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதன்பின் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்று எந்த விமானத்தை ஓட்டப் போகிறாரோ அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை.

விமான நிறுவனங்கள் இவற்றுக்கு மேல் தங்கள் சோதனைகளையும் வைக்கின்றன. கையும் கண்ணும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன, ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் வந்தால் எதை முதலில் எடுக்கிறார் என்று கணினி வழியாக அளக்கிறார்கள். பிறகு சிமுலேட்டர். அனுபவம் மிக்க தேர்வாளர் அங்கே பிழையற்ற பறத்தலை எதிர்பார்ப்பதில்லை. விண்ணப்பதாரர் ஒரு தவறு செய்ததும் நிறுத்தித் திருத்தம் சொல்லி, அதையே மறுபடி செய்யச் சொல்கிறார். இரண்டாம் முறை எவ்வளவு முன்னேறுகிறார் என்பதில்தான் அவர் கவனம் இருக்கும். கற்றுக்கொள்ளும் தன்மை உள்ளவரைப் பயிற்சியால் உயர்த்திவிடலாம். திருத்தத்தை ஏற்காதவரின் இயல்பான திறமை ஒரு கட்டத்தில் தேங்கிப்போகும்.

இந்த வாசலையே ஏமாற்றிக் கடந்தவர்களும் உண்டு. 2011 ஜனவரியில் கோவாவில் ஒரு பயணிகள் விமானம், பின்சக்கரங்களுக்கு முன்பே மூக்குச் சக்கரம் தரையில் மோதும்படி இறங்கியது. விசாரணை அந்த விமானியின் சான்றிதழ்கள் வரை போனது. உயர்நிலை உரிமத்துக்காக அவர் கொடுத்திருந்த மதிப்பெண் பட்டியல் போலி என்று தெரிந்தது. தொடர்ந்து டிஜிசிஏ மற்ற உரிமங்களையும் தோண்டிப் பார்த்தபோது மேலும் சிலர் சிக்கினார்கள், கைதுகள் நடந்தன. ஒரு மோசமான தரையிறக்கத்தை அலட்சியமாக விட்டிருந்தால் அந்த மோசடி வெளியே வந்திருக்காது.

விண்ணப்பத்தில் இல்லாத பக்கங்கள்

போலிச் சான்றைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது மறைக்கப்பட்ட தோல்வி. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கையின் தூக்குவிசை குலையப் போகிறது என்று எச்சரிக்கை வந்தது. அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். கேப்டன் அதற்கு நேர்மாறாகக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பறத்தல் தேர்வுகளில் பலமுறை தோற்றவர் என்பதும், வேலைக்கு விண்ணப்பித்தபோது சில தோல்விகளைச் சொல்லவில்லை என்பதும் விசாரணையில் தெரிந்தன.

2019 பிப்ரவரி 23 அன்று டெக்சஸில் அட்லஸ் ஏர் நிறுவனத்தின் சரக்கு விமானம் விழுந்தபோதும் இதே கதைதான். பழைய வேலைகளில் பயிற்சியில் திணறிய வரலாற்றைத் துணை விமானி மறைத்திருந்தார். எதிர்பாராத சூழலில் பதறி, விமானத்தின் மூக்கைக் கீழ்நோக்கி அழுத்திவிட்டார். மூவர் உயிரிழந்தார்கள்.

கோல்கன் விபத்துக்குப் பிறகு அமெரிக்கா 2010-இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. ஒரு விமானியின் தேர்வுத் தோல்விகளும் பயிற்சிக் குறிப்புகளும் அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியும்படி ஒரு தரவுத்தளம் அமைக்கும் விதி 2021-இல் இறுதியானது. இந்த இரண்டு விதிகளில் பின்னதே என் பார்வையில் பெரிய சீர்திருத்தம். பறந்த மணிக்கணக்கு ஒருவரின் அனுபவத்தைச் சொல்லும். எந்த இடத்தில் தடுமாறினார், அதிலிருந்து மீண்டாரா என்பதைப் பயிற்சிக் குறிப்பு மட்டுமே சொல்லும்.

பத்தாயிரம் மணி நேரமும் காப்பாற்றவில்லை

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அந்த அதிகாலையில் நடந்த விபத்தில் 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தார்கள். பயணத்தில் நீண்ட நேரம் கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு விமானி அறை ஒலிப்பதிவில் கேட்ட குறட்டையே சாட்சி. நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே முழுத் தெளிவுக்கு வராது. முடிவெடுக்கும் திறன் அதற்குப் பின்னும் சில நிமிடங்கள், சில சமயம் அரைமணி வரை, மந்தமாகவே இருக்கும். விடியலுக்கு முந்தைய நேரம் உடலின் விழிப்புணர்வு மிகவும் தாழ்ந்திருக்கும் பொழுதும்கூட.

விமானம் வர வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரத்தில் வந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் செய்யச் சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் அலறியது. கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடியைத் தாண்டிய பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஒரு குறிப்பு இருக்கிறது. துணை விமானி தானாகவே கோ-அரவுண்ட் செய்யலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லை. அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே ஒழிய, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை போலும் என்றது குழு. ஆபத்தைச் சரியாக உணர்ந்த ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார். அவருக்குத் தெளிவான அதிகாரம்தான் இல்லை. ஒரு விமானியின் தகுதியைப் பேசும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேச முடிகிறதா என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கொரியன் ஏர் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1997-இல் குவாமில் அதன் விமானம் விழுந்து 228 பேர் இறந்தார்கள். 2000-இல் டெல்டா நிறுவனத்தின் டேவிட் கிரீன்பெர்க்கை அழைத்துப் பயிற்சி முறையையே மாற்றினார்கள். மூத்தவரிடம் இளையவர் தயங்காமல் தவறைச் சுட்டிக்காட்டப் பழக்கினார்கள். 1999-க்குப் பிறகு அந்த நிறுவனத்தில் உயிர்ப்பலி விபத்து நடக்கவில்லை.

ஒவ்வொரு பறத்தலும் பதிவாகிறது

தேர்வாளர் பக்கத்தில் இருக்கும்போது எல்லாரும் கவனமாகவே ஓட்டுவார்கள். அவர் இல்லாத நாட்களில் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதற்கு விமானத்தின் பதிவுக் கருவி சான்று. வேகம், உயரம், இறங்கும் கோணம், தரையைத் தொட்ட விசை என எண்ணற்ற அளவுகள் அதில் பதிவாகின்றன. 27,000 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் இந்தத் தரவுகளைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2005 முதல் வலியுறுத்துகிறது. அதை அடிப்படையில் தண்டனைக்கான கருவியாக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு.

அந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. வேகமும் உயரமும் சரியில்லாமல் ஓடுபாதையை நெருங்கும் விமானங்களில் சுமார் 97 விழுக்காடு, கோ-அரவுண்ட் செய்யாமல் இறங்கிவிடுகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அப்படி ஒன்றும் ஆகாமல் போவதே பழக்கமாகிவிடுகிறது. அதற்காக, சற்றே கடினமாக இறங்கியவரையெல்லாம் தண்டித்தால், மென்மையாக இறங்கும் ஆசையில் விமானிகள் ஓடுபாதையின் மேலேயே மிதந்துபோகத் தொடங்குவார்கள். அது இன்னும் பெரிய ஆபத்து.

ஒரே வகைப் பிழை பலரிடம் வந்தால், பார்க்க வேண்டியது தனிமனிதர்களை மட்டும் அன்று. 2023-இல் ஆறு மாதங்களுக்குள் இண்டிகோவின் ஏ321 விமானங்கள் நான்கு முறை வாலைத் தரையில் உரசின. ஏ320-இன் நீளம் சுமார் 37.5 மீட்டர், ஏ321 அதைவிட ஏழு மீட்டர் நீளம். மூக்கை அதே அளவு தூக்கினாலும் இதன் வால் தரைக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். டிஜிசிஏ விமானிகளின் உரிமங்களை இடைநிறுத்தியதோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் பயிற்சி நடைமுறைகளைத் தணிக்கை செய்து 30 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2022 ஏப்ரலில், பழுதான சிமுலேட்டரில் பயின்ற ஸ்பைஸ்ஜெட் விமானிகள் 90 பேரை 737 மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று தடுத்து, மறுபயிற்சிக்கு அனுப்பியதும் இதே டிஜிசிஏதான். அந்த 90 பேர் மீது குற்றம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியில்தான் குறை.

திருத்துவதும் விலக்குவதும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் திறன் சோதனையில் ஒருவர் தோற்றால் முதலில் காரணத்தைப் பிரிக்க வேண்டும். பாட அறிவு போதவில்லையா, கைப்பழக்கம் குறைந்துவிட்டதா, முடிவெடுப்பதில் தயக்கமா, உறக்கம் கெட்டிருக்கிறதா, வீட்டில் துயரமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பன்னாட்டு அமைப்பு 2013-இல் வெளியிட்ட சான்று சார்ந்த பயிற்சி முறை இதற்கென்றே உருவானது. தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் பார்க்காமல், தகவல் பரிமாற்றம், தலைமைப் பண்பு, சூழலறிவு, பணிச்சுமையைக் கையாளுதல் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறது.

காரணம் தெரிந்ததும் கூடுதல் பயிற்சி தரலாம், வேறு பயிற்றுநரிடம் அனுப்பலாம், சில காலம் மேற்பார்வையில் பறக்கவிடலாம். கேப்டன் பொறுப்புக்கு இன்னும் பக்குவப்படாதவரை மீண்டும் துணை விமானி இருக்கையில் அமர்த்தலாம். இத்தனைக்குப் பிறகும் தேறாதவரை விமானி வேலையிலிருந்து விலக்கத்தான் வேண்டும். ‘பாவம், குடும்பம் இருக்கிறது’ என்று இரக்கப்பட்டுத் தேர்ச்சி தருபவர், பின்னிருக்கைகளில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை மறந்துவிடுகிறார்.

இந்தக் கண்டிப்பையும் கனிவையும் ஒன்றாகக் கற்பிக்கும் இடம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. விமானப் படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல் படை விமானிகளும் நட்பு நாடுகளின் விமானிகளும் இங்கே பயில்கிறார்கள். எல்லாரும் ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவர்கள். கற்றுக்கொடுப்பதைக் கற்க வருகிறார்கள். மாணவரின் தவறை எப்போது கண்டுகொள்வது, எவ்வளவு தூரம் போகவிட்டுக் கட்டுப்பாட்டை வாங்குவது, இறங்கிய பிறகு மனம் நோகாமல், ஆனால் மழுப்பாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பறக்கும் திறமையிலிருந்து வேறான திறமைகள். எந்த விமான நிறுவனத்தின் தரமும் கடைசியில் அதன் பயிற்றுநர்களின் நேர்மையில்தான் நிற்கிறது.

நம் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன. விமானிகளுக்கான தேவை கூடும்போது சலுகை காட்டும் ஆசையும் கூடும். சமரசம் செய்யக் கூடாதவை மூன்று. பயிற்சிக் குறிப்புகள் விமானியோடு அடுத்த நிறுவனத்துக்கும் போக வேண்டும். ‘வேண்டாம், மேலே போவோம்’ என்று துணை விமானி சொன்னால் விவாதமின்றி விமானம் எழும்ப வேண்டும். தவறைத் தானாக முன்வந்து சொல்பவருக்குப் பாதுகாப்பும், மறைப்பவருக்குத் தண்டனையும் உறுதியாக இருக்க வேண்டும்.

பயணிகளான நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விமானம் இறங்காமல் எழும்பினாலோ, வானிலை கருதி வேறு ஊருக்குத் திருப்பப்பட்டாலோ விமானியைத் திட்டாமல் இருப்போம். தாமதத்துக்காக நாம் போடும் கூச்சல் நிர்வாகத்தின் வழியாக அவருடைய அடுத்த முடிவையும் அழுத்தக்கூடும். நம் உயிரைக் காக்கும் அந்த முடிவை அவர் அச்சமின்றி எடுக்கட்டும்.